இதயத்தைத் தொடும் கைகளுக்கு ஓர் அளவுகோல்

தேயிலையைச் சுவை பார்ப்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான முறையொன்று உண்டு என்பதை மலைநாட்டிலே வாழ்கின்ற நம்மிற் பலரே அறிந்திருக்கமாட்டோம். நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தேயிலை, பீங்கான் பாத்திரம், மூடி வைக்கவேண்டிய நேரம் ஆறு நிமிடம். 1980ஆம் ஆண்டிலே சர்வதேச நியம நிறுவனம் வகுத்த விதி இது. ஹட்டனிலே அரைத்த தூளாயினும் அசாமிலே அரைத்த தூளாயினும், கொழும்பிலே சுவைத்தாலும் இலண்டனிலே சுவைத்தாலும், அளவு ஒன்றே. இவ்விதி கெட்ட தேயிலையை நல்ல தேயிலை ஆக்கிவிடுவதில்லை. ஒன்றை மற்றொன்றுடன் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்க்க உதவுவதே அதன் பயன்.

ஒரு கோப்பைத் தேநீரின்மீது இத்துணைக் கவனம் செலுத்திய உலகம், மனிதனுடைய நெஞ்சைத் திறந்து, துடிக்கின்ற இதயத்தை நிறுத்தி, அதன் பழுதை நீக்கி, மீண்டும் துடிக்கவைக்கின்ற சத்திரசிகிச்சை நிபுணரைப் பயிற்றுவதற்குப் பொதுவிதி ஒன்றை வகுத்திருக்கின்றதா? இல்லையென்பதே விடை. ஒவ்வொரு நாடும் தன் வழக்கப்படி பயிற்றுகின்றது. தன் வழக்கப்படி பரீட்சிக்கின்றது. இந்த வாரம் இவ்விடயத்தைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். டிக்கோயாவிலும் தலவாக்கலையிலும் வாழ்கின்ற குடும்பங்களுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது போகப் போக விளங்கும்.

முதலில் நாடுகளின் வழக்கங்களைக் காண்போம். அமெரிக்காவிலே வைத்தியப் பட்டம் பெற்றவர் ஐந்தாண்டு பொதுச் சத்திரசிகிச்சை பயின்று, அதன்பின் இரண்டு அல்லது மூன்றாண்டு இதய, நெஞ்சறைச் சத்திரசிகிச்சை பயில்வது பழைய வழி. ஆறாண்டுகளில் இரண்டையும் இணைத்துக் கற்பது புதிய வழி. இந்தியாவிலே மூன்றாண்டுப் பொதுச் சத்திரசிகிச்சைக்குப் பின் மற்றுமொரு மூன்றாண்டு இத்துறைக்கெனச் செலவிடப்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம், தன் உறுப்பு நாடுகள் ஒன்றன் சான்றிதழை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும்பொருட்டு, நெஞ்சறைச் சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது ஐந்தாண்டுப் பயிற்சி வேண்டுமென 2005ஆம் ஆண்டுக் கட்டளையில் விதித்துள்ளது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் உள்ள நான்கு றோயல் கல்லூரிகள் கூட்டாக ஒரு பரீட்சை நடத்துகின்றன. பிறநாட்டு நிபுணர்களுக்கென வேறொரு பரீட்சையையும் அவை கூட்டாகவே நடத்துகின்றன.

நமது நாட்டிலே கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டப்பின் வைத்திய நிறுவனம் 1980ஆம் ஆண்டு தொடக்கம் இப்பணியை மேற்கொண்டு வருகின்றது. சத்திரசிகிச்சையில் உயர்பட்டப் பரீட்சையில் தேறியவர், இங்குள்ள நிபுணர்களின்கீழ்ப் பயின்று, ஒரு காலம் வெளிநாட்டு வைத்தியசாலையிலும் பணியாற்றித் திரும்பிய பின்னரே நிபுணரெனச் சான்று பெறுவது வழக்கம். நம்மிடம் இல்லாத அனுபவத்தைக் கடல்கடந்து தேடிக்கொள்ளவேண்டும் என்பதை நமது விதியே ஒப்புக்கொள்கின்றது.

இவற்றுள் எது சிறந்தது? ஆண்டுக் கணக்கை மாத்திரம் வைத்து இவ்வினாவுக்கு விடைகூற இயலாது. நோயாளர் குறைந்த வைத்தியசாலையில் ஐந்தாண்டு நின்றவர், பெரும்பாலும் பிறர் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கக்கூடும். நோயாளர் நிறைந்த இடத்தில் மூன்றாண்டு நின்றவர், ஆசிரியரின் கண்முன்னே தம் கையாலேயே நூற்றுக்கணக்கான சிகிச்சைகளைச் செய்திருக்கக்கூடும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் கைத்திறனை அவள் பெரட்டுக்கு வந்த நாட்களைக் கொண்டா அளவிடுகின்றோம்? எடுத்த கொழுந்தையும் அதன் தரத்தையும் கொண்டல்லவா அளவிடுகின்றோம்!

இவ்வேறுபாடுகள் தோன்றிய காரணத்தை அறிய இத்துறையின் வரலாற்றைச் சற்றே புரட்டுதல் வேண்டும். இதயம் கத்திக்கு அப்பாற்பட்ட உறுப்பு என்று வைத்திய உலகம் நெடுங்காலம் கருதியிருந்தது. 1896ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் லுட்விக் ரேன் என்பவர், கத்திக்குத்துக்கு உள்ளான ஒருவரின் இதயக் காயத்தைத் தைத்து அவரைப் பிழைக்கவைத்தார். 1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, பிலடெல்பியாவில் ஜோன் கிபன் தாம் அமைத்த இதய நுரையீரல் இயந்திரத்தின் துணைகொண்டு ஒரு பெண்ணின் இதயத்தைத் திறந்து அதிலிருந்த துவாரத்தை அடைத்தார். இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைச் சில நிமிடங்கள் இயந்திரம் ஏற்றுக்கொண்டமையால், இரத்தமற்ற, அசைவற்ற இதயத்தின்மீது கைவைத்தல் இயல்வதாயிற்று. 1967 டிசம்பர் 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் கிறிஸ்டியன் பார்னார்ட் ஒருவரின் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார்.

ஆகவே இக்கலை உலகின் சில வைத்தியசாலைகளிலே, சில மனிதரின் கைகளிலே பிறந்தது. கற்க விரும்பியோர் அவர்களைத் தேடிச் சென்றனர். குருகுல வாசத்தைப் போன்ற இம்முறைக்கு ஓர் ஒழுங்கை முதலில் ஏற்படுத்தியவர், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட். மாணவன் வைத்தியசாலையிலேயே தங்கி, ஆண்டுக்கு ஆண்டு பொறுப்பு உயர உயர, இறுதியில் தனித்து இயங்கும் தகுதியைப் பெறுதல் என்பது அவர் வகுத்த நெறி. இன்று உலகெங்கும் நடைபெறும் பயிற்சிகளுக்கு அதுவே வேர்.

அதே வைத்தியசாலையிலே நிகழ்ந்த வேறொரு செய்தியை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் நன்று. 1944 நவம்பர் 29ஆம் திகதி, உடல் நீலம் பாரிக்கும் இதய நோயுடன் பிறந்த குழந்தையொன்றுக்கு அல்பிரட் பிளேலொக் புதுமுறைச் சிகிச்சை செய்தார். அச்சிகிச்சையைச் சிந்தித்தவர் ஹெலன் டாசிக் என்னும் பெண் வைத்தியர். அதை ஆய்வுகூடத்தில் நாய்களின்மீது செய்து செய்து பழகியிருந்தவரோ விவியன் தோமஸ் என்னும் கறுப்பின உதவியாளர். அவருக்கு வைத்தியப் பட்டம் கிடையாது. கல்லூரிக்குச் செல்லவும் வறுமை இடங்கொடுக்கவில்லை. எனினும், பேரறிஞரான சத்திரசிகிச்சை நிபுணர் கத்தியைப் பிடிக்க, அவர் பின்னே நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழிகூறியவர் அவ்வுதவியாளரே. பிற்காலத்திலே பெயர்பெற்ற பல நிபுணர்களுக்கு அவர் கைத்திறனைக் கற்பித்தார். பட்டம் வேண்டாமென்பது இதன் பொருளன்று. கைகள் எதைச் செய்ய வல்லன என்பதைக் கைகளைப் பார்த்தே அறியவேண்டும் என்பதே இதன் பொருள்.

கிழக்கு நாடுகளுக்கும் இக்கலை பயணிகளுடனேயே வந்தது. 1940களின் இறுதியில் ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்கர் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் நெஞ்சறைச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தோற்றுவித்தார். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்குரிய றோயல் கல்லூரியில் தகுதி பெற்றுத் திரும்பிய டாக்டர் கே. எம். செரியன், சென்னைப் பெரம்பூர் ரயில்வே வைத்தியசாலையிலே 1975ஆம் ஆண்டில் இந்தியாவின் முதலாவது இதய இரத்தக்குழாய் மாற்றுவழிச் சிகிச்சையைச் செய்தார். 2025 ஜனவரியில் அவர் மறைந்தபோது, அவரிடம் பயின்றவர்கள் பல நாடுகளிற் பணியாற்றிக்கொண்டிருந்தனர். நமது நாட்டிலே இத்துறைக்கு முன்னோடியாக நின்றவர் டாக்டர் ஏ. டி. எஸ். போல். வந்த வழி வேறு வேறாக இருந்தமையால், வழக்கமும் நாட்டுக்கு நாடு வேறாயிற்று.

நிற்க, சான்றிதழ் ஒன்றே நோயாளிக்குக் காப்பாகுமா? இவ்வினாவுக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் கசப்பான விடையைத் தந்தது. அந்நகர வைத்தியசாலையில் 1984 முதல் 1995 வரை நடைபெற்ற குழந்தை இதயச் சத்திரசிகிச்சைகளைப் பற்றிப் பகிரங்க விசாரணை நடைபெற்று 2001ஆம் ஆண்டிலே அறிக்கை வெளியாயிற்று. 1991 முதல் 1995 வரையிலான காலத்தில் மாத்திரம், ஏனைய வைத்தியசாலைகளோடு ஒப்பிட, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் முப்பது முதல் முப்பத்தைந்து பேர் மேலதிகமாக மடிந்தனர் என அவ்வறிக்கை மதிப்பிட்டது. கத்தியைப் பிடித்தவர்கள் போலி வைத்தியர்களல்லர். தக்க தகுதி பெற்றவர்களே. அங்கே இல்லாதது, கணக்கைத் திறந்துவைத்துப் பார்க்கும் ஒழுங்கு. மயக்கமருந்து வைத்தியர் ஒருவர் எண்ணிக்கையைக் காட்டி எச்சரித்தும், நெடுநாள் எவரும் செவிசாய்க்கவில்லை.

இதிலிருந்து பெறப்படும் பாடம் யாது? பயிற்சியின் அளவுகோல் பரீட்சையோடு முடிந்துவிடலாகாது. நிபுணரின் கீழ் இறந்தோர் எத்தனைபேர், பிழைத்தோர் எத்தனைபேர் என்பதை ஆண்டுதோறும் பதிந்து, பிறரோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஆனால் வெறும் எண்ணிக்கையும் ஏமாற்றும். கடுமையான நோயாளரை ஏற்பவரிடம் இறப்புக் கூடும். இலேசான நோயாளரைத் தேர்ந்தெடுப்பவரிடம் குறையும். எண்ணிக்கைக்கு அஞ்சிக் கடுமையான நோயாளரைக் கைவிடும் தீமையும் நேரலாம். இதனை உணர்ந்தே, வயது, நோயின் கடுமை முதலியவற்றைக் கணக்கிலெடுத்து எதிர்பார்க்கத்தக்க ஆபத்தை மதிப்பிடும் முறையொன்றை ஐரோப்பிய நிபுணர்கள் 1999ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நீரின் அளவையும் நேரத்தையும் சமமாக்கிய பின்னரே தேயிலையை ஒப்பிடுவது போன்றதே இது.

பொதுவிதிகள் உயிரைக் காக்கும் என்பதற்குச் சான்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டிலே சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதிலே பத்தொன்பது விடயங்களே உள்ளன. நோயாளி இவர்தாமா, சிகிச்சை செய்யவேண்டிய இடம் இதுதானா, வைத்த துணிகளும் கருவிகளும் எண்ணிக்கையிற் சரியாக உள்ளனவா என்பன போன்ற எளிய வினாக்கள் அவை. எட்டு நாடுகளின் எட்டு நகரங்களிலே இதனைப் பரீட்சித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு ஒன்றரையாக இருந்த இறப்பு வீதம் 0.8 ஆகக் குறைந்ததென 2009ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. செல்வ நாடும் வறிய நாடும் ஒரே பட்டியலை வாய்விட்டு வாசித்தமையால் விளைந்த நன்மை இது.

இனி நமது மலைகளுக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை திறந்துவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் கண்டி போதனா வைத்தியசாலையில் இலங்கையின் முதலாவது இதயமாற்றுச் சிகிச்சை நிகழ்ந்தது. இவ்விரண்டும் நமக்குப் பெருமை தருவன. ஆயினும் ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் தாய்க்கு வேண்டுவது பெருமையன்று. தன் பிள்ளையின் நெஞ்சைத் திறக்கப்போகும் கை, உலகின் எந்த மூலையிலும் ஏற்கத்தக்க கைதானா என்னும் உறுதியே அவளுக்கு வேண்டுவது.

அத்தாயின் பிள்ளைக்கு எத்தகைய நோய் இருக்கக்கூடும்? ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேர் இதயக் குறையுடன் பிறக்கின்றனர். இது உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பிறந்தபின் வந்துசேரும் நோய் ஒன்றுண்டு. ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைப்புண்ணைக் கவனியாது விட்டால், சிலருக்கு மூட்டுவாதக் காய்ச்சல் தோன்றும். காய்ச்சல் மூட்டை விட்டு நீங்கும். இதயத்தின் வால்வுகளிலோ வடுவை விட்டுச் செல்லும். பல ஆண்டுகளின் பின், மலையேறும்போது மூச்சு வாங்குகிறதென்று கூறும் இளம்பெண்ணிடத்தில் அந்நோய் வெளிப்படும். பலர் ஒரே அறையில் நெருங்கி உறங்கும் குடியிருப்புகள் இக்கிருமி பரவுவதற்கு ஏற்ற இடங்கள். லயத்துக் காம்பிராக்களைப் பற்றி நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

செல்வ நாடுகளில் இந்நோய் அருகிவிட்டது. அங்கே பயில்பவர் காண்பது பெரும்பாலும் முதியோரின் அடைபட்ட இரத்தக்குழாய்களையும் தேய்ந்த வால்வுகளையுமே. மூட்டுவாதக் காய்ச்சலால் தடித்து ஒட்டிப்போன வால்வைப் பழுதுபார்க்கும் கைத்திறன் அங்கு எளிதிற் கிடைப்பதன்று. பழுதுபார்க்க அறியாதவர் அதை வெட்டி நீக்கிச் செயற்கை வால்வைப் பொருத்திவிடுவார். உலோக வால்வைப் பெற்றவர் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுவதும் வார்பரின் மாத்திரை உண்ணவேண்டும். இரத்தத்தை அடிக்கடி சோதித்து மருந்தின் அளவைத் திருத்தவேண்டும். அம்மருந்து கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யவல்லது. மிருகத் திசுவாலான வால்வோ இளையோரிடம் விரைவிற் பழுதடைந்து மறுசிகிச்சையை வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை இழந்து, இரத்தச் சோதனைக்குப் பஸ் ஏறிச் செல்லவேண்டிய மஸ்கெலியாப் பெண்ணுக்கு எது ஏற்றது என்பதை, சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே உள்ள அவளது வாழ்க்கையை அறிந்தவராலேயே தீர்மானிக்க முடியும்.

ஆகவே, உலகப் பொதுவிதி என்பது இலண்டனின் விதியையோ நியூயோர்க்கின் விதியையோ அப்படியே உலகுக்கெல்லாம் விரித்தலாகாது. வறிய நாடுகளின் நோய்களும் அவ்விதியில் இடம்பெறல் வேண்டும். இத்திறனைக் கற்க மேற்குநாட்டு மாணவர் கிழக்கே வரவேண்டிய நிலை ஏற்படினும் அது நியாயமே.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்து 1873 வரை பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மானிப்பாயிலே தமிழர்களுக்குத் தமிழ் மொழியிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். "இரண வைத்தியம்" என்னும் பெயரிலே சத்திரசிகிச்சை நூலையும் தமிழாக்கி 1867ஆம் ஆண்டில் வெளியிட்டார். உயர்ந்த தரமும் தாய்மொழியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அப்பெரியார் அன்றே காட்டினார். இன்று நிபுணர்கள் ஆங்கிலத்திற் பயில்வதை நாம் குறைகூறவில்லை. ஆயினும், நெஞ்சைத் திறக்க உடன்பாடு கேட்கும் பத்திரத்தைத் தாயானவள் தன் மொழியில் விளங்கிக்கொண்டு கையெழுத்திடல் வேண்டும். அதனை எடுத்துக்கூறும் திறனும் நிபுணரின் பயிற்சியில் ஒரு பாடமாதல் வேண்டும்.

இங்கே சிலர் ஓர் ஆட்சேபம் எழுப்புவர். தரம் ஒன்றாயின் கதவும் ஒன்றாகும். நம் செலவிற் பயின்றவர் அச்சான்றிதழையே பிரயாணச் சீட்டாகக் கொண்டு பிறநாடு சென்றுவிடுவார் என்பர். இவ்வச்சம் வீணானதன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றதை நாம் கண்டோம். ஆனால் தரத்தைக் குறைத்து வைத்தியரைக் கட்டிவைக்க நினைத்தல், திருடனுக்கு அஞ்சிப் பயிரிடாதிருப்பதை ஒக்கும். அவர்கள் தங்குவதற்கு வேண்டிய ஊதியமும் கருவிகளும் மதிப்பும் இங்கே இருக்கவேண்டும். பயிற்சி பெறுவதற்காகவே வெளிநாடு செல்லவேண்டிய தேவையும் குறையவேண்டும். அண்டை நாடுகள் ஒன்றன் பயிற்சியை மற்றொன்று ஏற்குமாயின், கண்டியில் உள்ளவர் சென்னையிலோ வேலூரிலோ சில மாதம் பயின்று திரும்புதல் எளிதாகும்.

உலகமும் இத்திசையில் அடியெடுத்து வைத்துள்ளது. பார்னார்டின் சிகிச்சைக்கு ஐம்பது ஆண்டு நிறைவுற்றதை ஒட்டி 2017 டிசம்பரில் கேப்டவுனில் கூடிய நிபுணர்கள், வறிய நாடுகளில் இதயச் சத்திரசிகிச்சையை வளர்க்கவும் அதற்கெனப் பயிற்சி நிலையங்களை இனங்காணவும் வேண்டுமென்னும் பிரகடனத்தை அடுத்த ஆண்டு வெளியிட்டனர். உலக மக்களுள் அறுநூறு கோடிப் பேருக்கு இச்சிகிச்சை எட்டாத நிலையில் உள்ளதென அதிலே கூறப்பட்டது. அதன் பயனாக உருவான கூட்டமைப்பு, ருவாண்டாவையும் மொசாம்பிக்கையும் முதற் களங்களாகத் தெரிவு செய்தது. அதே 2018ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவையும் மூட்டுவாத இதயநோயை ஒழிக்கத் தீர்மானம் நிறைவேற்றியது.

நமது எண்ணம் இதுவே. நிபுணர் தம் கையால் இத்தனை சிகிச்சைகளை ஆசிரியர் முன்னிலையிற் செய்திருக்கவேண்டும் என்னும் குறைந்தபட்ச அளவும், எல்லா நாட்டினரும் ஏற்கும் பரீட்சையும், பின்னர் வாழ்நாள் முழுவதும் திறந்த கணக்கும் உலகுக்குப் பொதுவாகுக. எந்த நோய்க்கு முதலிடம், எந்த மொழியில் விளக்கம் என்பவற்றை அந்தந்த நாடே தீர்மானிக்குக. நிபுணருக்கு மாத்திரமன்றி, இயந்திரத்தை இயக்குபவர், தாதியர், தோட்டத்து வைத்திய உதவியாளர் ஆகிய அனைவருக்கும் இவ்விதி நீளுக. ஏனெனில், மூட்டுவாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி தவறாது போடப்படுமாயின், அந்நோய் திரும்பி வந்து வால்வை மேலும் கெடுப்பதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அவ்வூசியைப் போடும் கை கொழும்பில் இல்லை. தோட்டத்தின் மருந்துச் சாலையிலேதான் இருக்கின்றது.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் காய்ச்சலுடன் தொண்டைநோ வந்தால், கசாயத்தோடு விட்டுவிடாது வைத்தியரிடம் காட்டுங்கள். முழங்காலும் கணைக்காலும் மாறி மாறி வீங்கினால், விளையாட்டிலே பட்ட அடியென்று எண்ணி ஆறியிருக்காதீர்கள். வைத்தியர் கொடுத்த மருந்தை, பிள்ளை தேறிவிட்டதென்று இடையில் நிறுத்தாதீர்கள். உலகத்தார் கூடி அளவுகோலை வகுத்து முடிக்கச் சில ஆண்டுகள் செல்லும். தொண்டைநோவுக்கு உரிய மருந்தோ இன்றைக்கே கிடைக்கும்.